விளக்கு எப்போது தெரிய வேண்டும்: ஓர் இருட்டுச் சவாரியின் சீரமைப்பு

பின்னணி

ஒரு தீம் பார்க்கில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த இருட்டுச் சவாரி (வண்டியில் அமர்ந்து இருட்டறைக்குள் காட்சிகளைக் கடந்து போகும் சவாரி) ஒன்றைத் திருத்தியமைத்த வேலையின் பதிவு இது. பூங்காவின் பெயரும் அங்கு பணிபுரிந்தவர்களின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன. வெளியிலிருந்து அழைக்கப்பட்ட வடிவமைப்புக் குழுவில் ஒருவராக, முதல் கூட்டத்திலிருந்து மறுதிறப்புக்குப் பிந்தைய மாதங்கள்வரை நான் உடனிருந்தேன்.

சவாரியின் கதை எளியது. புயல் இரவில் ஒரு கலங்கரை விளக்கம் அணைந்துபோகிறது. அதை மீண்டும் ஏற்றக் காவலர் போராடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கப்பல் பாறையில் மோதி உடைகிறது. நாமும் கப்பலோடு கடலுக்கடியில் இறங்குகிறோம். பிறகு காவலர் கைவிளக்கோடு சிறு படகில் தேடி வருகிறார். கடைசிக் காட்சியில் கோபுர விளக்கு மறுபடி எரிகிறது. அதன் கதிர் சுற்றி வந்து நம் முகத்தில் விழுகிறது. ஐந்தே காட்சிகள். முதலில் இதை எழுதியவர் யார் என்று பூங்காவில் எவருக்கும் நினைவில்லை. ஆனால் விஷயம் தெரிந்தவர்தான் எழுதியிருக்கிறார். முழுக் கதையும் ஒரு விளக்கு இல்லாமல் போவதையும் திரும்பி வருவதையும் நம்பி நிற்கிறது. இருட்டறைக்குள் நடக்கும் சவாரிக்கு இதைவிடப் பொருத்தமான கரு கிடைப்பது அரிது.

வண்டிகள் சங்கிலித்தொடர் வகையைச் சேர்ந்தவை. இருவர் அமரும் கூடு போன்ற இருக்கைகள் இடைவிடாமல் ஒன்றன்பின் ஒன்றாக நகரும். ஆட்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் அவை நிற்பதில்லை. பயணி ஒரு நகரும் பட்டையில் நடந்தபடியே ஏறிக்கொள்வார். கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 1967இல் 'அட்வெஞ்சர் த்ரூ இன்னர் ஸ்பேஸ்' என்ற சவாரியில் முதன்முதலாக வந்த இந்த முறையை, அங்கே 1969இல் திறக்கப்பட்ட 'ஹான்டட் மேன்ஷன்' என்ற பேய்வீட்டுச் சவாரி புகழ்பெறச் செய்தது. நான்கு நொடிக்கு ஒரு வண்டி வீதம் புறப்பட்டால் ஒரு மணி நேரத்தில் 900 வண்டிகள், 1,800 பேர். பூங்கா நடத்துபவர்கள் இம்முறையை விரும்புவது இந்தக் கணக்குக்காக. வடிவமைப்பாளர்களுக்குப் பிடித்தது வேறொன்று. தண்டவாளத்தோடு ஓடும் வழிகாட்டிக் கம்பி, இருக்கையை வேண்டிய பக்கம் திருப்பும். இருக்கையின் பக்கச் சுவர்கள் மற்ற திசைகளை மறைத்துவிடும். ஆகவே பயணி எந்த நொடியில் எதைப் பார்க்கிறார் என்பதை வடிவமைப்பவரே முடிவு செய்யலாம். சினிமாவில் கேமரா செய்கிற வேலையை இங்கே இருக்கை செய்கிறது.

எங்களை அழைத்ததற்குக் காரணம் பழுது எதுவும் இல்லை. சவாரி நன்றாகவே ஓடியது. ஆனால் வரிசை குறைந்துகொண்டே வந்தது. ஒருமுறை ஏறியவர்கள் அதே நாளில் மறுபடி வருவது ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. நிர்வாகத்தின் கணிப்பு சுருக்கமாக இருந்தது: பொம்மைகள் பழையவை, இன்றைய பிள்ளைகளுக்குத் திரை வேண்டும், வேகம் வேண்டும்.

கவனித்தவை

வரைபடத்தைக் கையில் எடுக்கும் முன் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தோம். பாதுகாப்புக்காக உள்ளே அகச்சிவப்புக் கேமராக்கள் இருந்தன. இருட்டில் பயணிகளின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது அவற்றில் தெளிவாகத் தெரியும். பொம்மை எப்படி இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டாம், தலைகளை மட்டும் பார்ப்போம் என்று எங்கள் குழுத் தலைவர் சொன்னார். தரைப்படத்தின் மேல் ஒரு மெல்லிய தாளை வைத்து, தலைகள் திரும்பும் இடங்களில் எல்லாம் கோடு இழுத்தோம்.

முதல் காட்சியில் எல்லாத் தலைகளும் காவலரின் அறையை நோக்கியே இருந்தன. இரண்டாவது காட்சியில் கப்பல் மோதும் நேரத்தில், கணிசமானோர் வலப்பக்கம் எட்டிப் பார்த்தார்கள். அங்கே காட்சி எதுவும் கிடையாது. இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஓர் இடைவெளிதான் இருந்தது. நாங்களும் வண்டியில் ஏறிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த இடைவெளி வழியாகக் கடைசிக் காட்சியின் கோபுர விளக்கு சுழல்வது தெரிந்தது. விளக்கு அணைந்துபோன துயரத்தைக் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அது எரிந்துகொண்டிருப்பதைப் பயணி பார்த்துவிடுகிறார். ஒரு காலத்தில் அங்கே தொங்கிய கறுப்புத் துணி, தீத்தடுப்பு ஆய்வின்போது கழற்றப்பட்டு, மாற்று எதுவும் வைக்கப்படாமல் போயிருந்தது.

மூன்றாவது காட்சியில் ஒரு பெரிய ஆக்டோபஸ் இருந்தது. அது திறப்பு விழாவுக்குப் பல ஆண்டுகள் கழித்துச் சேர்க்கப்பட்டது. வாயைத் திறந்து வேடிக்கையாகப் பேசும். குழந்தைகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். வண்டி திரும்பி அடுத்த காட்சிக்குப் போன பின்பும் தலைகள் பின்னால் திரும்பியே இருந்தன. அதனால் காவலர் சிறு படகில் வரும் நான்காவது காட்சியைப் பெரும்பாலோர் பார்க்கவே இல்லை. கதையின் இதயம் அந்தக் காட்சிதான்.

கண்டவற்றில் முக்கியமானது நான்காவது காட்சியின் முடிவில் கிடைத்தது. விற்பனைப் பிரிவு அங்கே ஒரு புகைப்படக் கருவியை வைத்திருந்தது. வெளியே வரும்போது வாங்கிக்கொள்ளும் நினைவுப் படத்துக்கான கருவி அது. கடைசிக் காட்சிக்குச் சற்று முன்னால், முழு இருட்டில், பளிச்சென்று ஃபிளாஷ் அடிக்கும். கண் இருட்டுக்குப் பழகுவது மெதுவான வேலை. விழித்திரையின் கூம்புச் செல்கள் பழக ஏறத்தாழ 10 நிமிடம் ஆகும். மங்கலில் பார்க்க உதவும் கோல் செல்கள் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். சவாரியே சில நிமிடங்கள்தான். வரிசையில் நின்ற நேரமும் சேர்ந்து கண் கொஞ்சம் கொஞ்சமாகப் பெற்ற பழக்கத்தை, மிகத் தேவையான இடத்துக்குச் சில நொடி முன்பாக ஃபிளாஷ் அழித்துக்கொண்டிருந்தது. கோபுர விளக்கின் கதிர் வந்து சேரும்போது பயணிகள் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள்.

வரிசையையும் பார்த்தோம். அங்கே தொங்கிய தொலைக்காட்சிகளில் சவாரியின் விளம்பரப் படம் ஓடிக்கொண்டே இருந்தது. அதில் கடைசிக் காட்சியும் இருந்தது.

பயணிகளிடம் மதிப்பெண் கேட்கும் படிவம் ஏற்கெனவே இருந்தது. அதில் எல்லாரும் 'நன்று' என்று போட்டுவிட்டுப் போவதால் எங்களுக்கு உதவவில்லை. அதற்குப் பதிலாக, வெளியே வந்தவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தோம்: இதில் ஏறாத ஒருவருக்கு உள்ளே நடந்ததைச் சொல்லுங்கள். கப்பலைச் சொன்னார்கள், ஆக்டோபஸை விவரித்தார்கள். காவலரைச் சொன்னவர்கள் மிகச் சிலர். விளக்கு அணைந்து மீண்டும் எரிந்தது என்று கோத்துச் சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இறங்குமேடையில் நீண்ட காலமாக வேலை பார்க்கும் ஓர் அம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இறங்கும்போது பிள்ளைகள் என்னிடம் 'முடிந்துவிட்டதா' என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு நாளும் கேட்கிறார்கள்." எங்கள் அறிக்கையின் முதல் பக்கத்தில் அந்த வாக்கியத்தைப் போட்டோம். ஒரு சவாரிக்கு முடிவு இருந்தும் அது முடிந்ததாகத் தோன்றவில்லை என்றால், குறை எதில் என்று தேடுவதற்கு அதைவிட நல்ல தடயம் இல்லை.

முன்னால் இருந்த வழிகள்

மூன்று யோசனைகள் மேசைக்கு வந்தன.

முதலாவது, கடலடிக் காட்சியை எடுத்துவிட்டு ஒரு வளைந்த பெருந்திரை வைப்பது. விற்பனைப் பிரிவுக்கு இது பிடித்திருந்தது. திரை என்றாலே மட்டம் என்று சொல்பவர்கள் எங்கள் துறையில் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆர்லாண்டோவில் 1999இல் திறக்கப்பட்ட 'ஸ்பைடர்மேன்' சவாரி திரைகளால் ஆனதுதான். ஆனால் அங்கே வண்டி நகர நகர, திரையில் இருக்கும் பிம்பத்தின் கோணமும் அதற்கேற்பத் திருத்தி வரையப்பட்டது. அதனால் தட்டையான திரை ஒரு தெருவைப் போல ஆழமாகத் தெரிந்தது. திரையும் வண்டியும் ஒன்றாகப் பிறந்தவை. எங்கள் சங்கிலியிலோ ஒரே நேரத்தில் பல வண்டிகள் பல கோணங்களில் அந்தத் திரையைக் கடக்கும். யாருடைய கோணத்துக்கு வரைவது?

இரண்டாவது, திடீர்ச் சரிவு ஒன்றைச் சேர்ப்பது. சங்கிலித்தொடர் வண்டிகளில் இது நடக்காது. ஒரு வண்டி வேகமெடுத்தால் எல்லா வண்டிகளும் வேகமெடுக்க வேண்டும். சரிவு வேண்டுமானால் வண்டி முறையையே மாற்ற வேண்டும்; அதாவது புதிய சவாரி கட்ட வேண்டும். பராமரிப்புப் பிரிவின் தலைவர் இதைச் சொன்னதும் அந்த யோசனை அங்கேயே முடிந்தது.

மூன்றாவது எங்களுடையது: புதிதாக அதிகம் சேர்க்காமல், பயணி எதை எப்போது பார்க்கிறார் என்பதை மட்டும் திருத்துவது. சுவர்களை மூடுவது, இருக்கை திரும்பும் நேரத்தை மாற்றுவது, சில விளக்குகளை அணைப்பது, ஃபிளாஷை அகற்றுவது.

இதை எதிர்த்து வந்த வாதம் நியாயமானது. பூங்காவின் மேலாளர் கேட்டார்: "சுவரை மூடினோம் என்று விளம்பரத்தில் போட முடியுமா?" முடியாது. புதியது என்று காட்ட ஒன்றுமில்லாத வேலைக்குப் பணம் ஒதுக்குவது எந்த நிர்வாகத்துக்கும் கடினம்.

எங்கள் பதிலில் 'ஹான்டட் மேன்ஷன்' வந்தது. அதன் விருந்து மண்டபத்தில் ஆவிகள் நடனமாடுவதற்குப் பயன்படும் தந்திரம், 1862இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் மேடையில் காட்டிய கண்ணாடிப் பிரதிபலிப்புதான். சாய்ந்த பெரிய கண்ணாடி, மறைவில் ஒளியூட்டப்பட்ட உருவங்கள், அவ்வளவே. அந்தப் பழைய வித்தையைப் பார்த்து இன்றும் ஆட்கள் வாயடைத்துப் போகிறார்கள். காரணம், வண்டி அவர்களை ஒரு குறிப்பிட்ட உயரத்தில், குறிப்பிட்ட தூரத்தில், மண்டபத்தைப் பார்த்தபடியே வைத்துக் கடக்க வைக்கிறது. வேறு கோணத்திலிருந்து பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்த வேறு கோணம் யாருக்கும் கிடைப்பதில்லை.

இன்னோர் எடுத்துக்காட்டும் வைத்தோம், வேறு குடும்பத்திலிருந்து. இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸில் 1994இல் திறக்கப்பட்ட 'நெமிசிஸ்' ரோலர் கோஸ்டரை மரங்களின் உச்சிக்கு மேல் உயர்த்த அனுமதி இல்லை. ஆகவே பாறையை வெடிவைத்துக் குடைந்து, பள்ளத்துக்குள் தண்டவாளத்தை இறக்கினார்கள். விளைவு என்ன? வரிசையில் நிற்பவரின் தலைக்குப் பக்கத்தில் வண்டி உறுமிக்கொண்டு போகும், பாறைக்குப் பின்னால் மறையும், எங்கிருந்து திரும்பி வரும் என்று தெரியாது. முழுத் தடத்தையும் ஒரே பார்வையில் எவரும் பார்த்துவிட முடியாது. இதோடு நியூ ஜெர்சியில் 2005இல் வந்த 'கிங்டா கா'வை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 139 மீட்டர் உயரம், மணிக்கு 206 கிலோமீட்டர் வேகம். உலகிலேயே உயரமான கோஸ்டர் என்ற பெருமை அதற்கு இருந்தது. கார் நிறுத்துமிடத்திலிருந்தே முழுச் சவாரியும் தெரிந்துவிடும். 2024இல் மூடி, 2025இல் அதை வெடிவைத்து இடித்தார்கள். 'நெமிசிஸ்' தேய்ந்தபோது, தண்டவாளத்தை மாற்றி அதே தடத்தில் 2024இல் மறுபடி திறந்தார்கள். இரண்டு பூங்காக்களின் கணக்கும் வேறு வேறு என்பதால் இதிலிருந்து விதி எதுவும் வகுக்க முடியாது என்று நானே சொன்னேன். ஆனாலும் கூட்டத்தில் அது எடுபட்டது.

எடுத்த முடிவுகள்

மேலாளர் ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. சுவரொட்டியில் போடுவதற்கு ஒரே ஒரு புதிய பொருள் வேண்டும். எங்கள் ஒளியமைப்பாளர் உடனே கோபுர விளக்கைக் காட்டினார். அதுவரை அது ஒரு சாதாரண ஸ்பாட் லைட், ஒரு மோட்டாரில் சுழன்றுகொண்டிருந்தது. உண்மையான கலங்கரை விளக்கங்களில் இருப்பது பட்டகங்களை அடுக்கடுக்காக வளையங்களில் அமைத்த ஃபிரெனல் வில்லை. பிரான்ஸின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் 1823இல் முதன்முதலாக நிறுவப்பட்டது. அதே வடிவில் ஆளுயர வில்லை ஒன்றைச் செய்து வைப்போம் என்றார் அவர். அது அழகான பொருள். அருகில் நின்று பார்த்தாலும் அழகு குறையாது. கதையின் மையமும் அதுதான். நிபந்தனை நிறைவேறியது, கதையும் கெடவில்லை.

அடுத்தது ஃபிளாஷ். இதில்தான் அதிக நேரம் போனது. நினைவுப் படங்களின் வருமானத்தை இழக்க விற்பனைப் பிரிவு தயாராக இல்லை. கருவியை முதல் காட்சிக்கு மாற்றச் சொன்னோம். அங்கே முகங்களில் ஒன்றும் இருக்காது, படத்தை யாரும் வாங்க மாட்டார்கள் என்றார்கள். சரிதான். சவாரி முடிந்த பிறகு எடுக்கலாம் என்றோம். இறங்கும் அவசரத்தில் எல்லாரும் பையைத் தேடிக் கீழே குனிந்திருப்பார்கள் என்றார்கள். அதுவும் சரி. இரு தரப்பும் களைத்துப்போன ஒரு மாலையில், பராமரிப்புப் பிரிவின் இளம் எலக்ட்ரீஷியன் ஒருவர், வந்த வேலையை முடித்துவிட்டுக் கிளம்பும்போது கேட்டார்: கோபுர விளக்கு முகத்தில் அடிக்கும்போதே படம் எடுத்தால் என்ன? கதிர் முகத்தைத் தொடும் அந்த நொடியில் வெளிச்சத்துக்குக் கதையே காரணம் சொல்கிறது. தனி ஃபிளாஷ் எதற்கு? முகங்களும் அப்போதுதான் மலர்ந்திருக்கும்.

கருவி கோபுரத்தின் அடியில் வைக்கப்பட்டது. வில்லையின் கதிர் ஒவ்வொரு வண்டியையும் கடக்கும் நொடியில் படம் எடுக்க ஒரு சென்சார். ஃபிளாஷ் நீக்கப்பட்டது. இந்த முழு வேலையிலும் எனக்கு மிகப் பிடித்த முடிவு இதுதான். குழுவில் இருந்த எவருக்கும் அதில் பங்கில்லை.

பாறை இடைவெளியைத் தீத்தடுப்புப் பலகையால் மூடினோம். இருக்கைகளைத் திருப்பும் வழிகாட்டிக் கம்பியை இரண்டு இடங்களில் வெட்டி மறுபடி பற்றவைத்தோம். நான்காவது காட்சியில் வண்டி இப்போது முன்கூட்டியே திரும்புகிறது. படகு வருவதற்கு முன் வெறும் இருட்டை ஒரு கணம் பார்க்க வைக்கிறது. தொலைவில் ஒரு சிறு வெளிச்சம், பிறகு அது கைவிளக்கு என்று தெரிகிறது, பிறகு முகம். முன்பெல்லாம் இருக்கை தாமதமாகத் திரும்பியதால், பயணி முதலில் பார்த்தது பொம்மையின் முதுகையும் அதற்குப் போகும் மின்கம்பியையும்தான். வரிசையின் விளம்பரப் படத்திலிருந்து முடிவை வெட்டினோம். வரிசையின் கடைசிப் பகுதியில் விளக்குகளைப் படிப்படியாகக் குறைத்தோம், கண் முன்கூட்டியே பழகட்டும் என்று.

இந்தக் கடைசி யோசனை புதிதல்ல. 'ஹான்டட் மேன்ஷ'னில் பார்வையாளர்கள் முதலில் நுழையும் அறையின் சுவர்கள் நீண்டுகொண்டே போவதுபோல் தோன்றும். கலிஃபோர்னியாவில் அது உண்மையில் கீழே இறங்கும் ஒரு மின்தூக்கி. சவாரி நடக்கும் கூடம் பூங்காவைச் சுற்றிய ரயில் பாதைக்கு அப்பால் இருப்பதால், மக்களை அதன் அடியில் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஃபுளோரிடாவில் 1971இல் அதே சவாரியைக் கட்டியபோது அப்படிக் கீழே இறக்கும் தேவை இல்லை. இருந்தும் அறையை விடவில்லை. அங்கே தரை நிற்கிறது, கூரை உயர்கிறது. தடையைத் தாண்டப் பிறந்த அறை, தடை இல்லாத இடத்திலும் நிலைத்துவிட்டது. வெளியுலகின் வெயிலையும் பேச்சையும் விட்டுவிட்டு மனமும் கண்ணும் தயாராவதற்கு அந்தச் சில நிமிடங்கள் தேவை என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

ஆக்டோபஸ் விஷயத்தில் குழு இரண்டாகப் பிரிந்தது. அதை எடுத்துவிட வேண்டும் என்பது ஒரு தரப்பு. சிரிப்பு இல்லாமல் சவாரி வறண்டுவிடும் என்பது மறு தரப்பு. இதுவும் பழைய சண்டைதான். 'மேன்ஷன்' வடிவமைக்கப்பட்டபோது கிளாட் கோட்ஸ் அச்சமூட்டும் சூழலையும் மார்க் டேவிஸ் வேடிக்கையான பாத்திரங்களையும் விரும்பினார்கள். கடைசியில் முதல் பாதியில் சூழலும் பின் பாதியில் வேடிக்கையும் என்று சவாரி அமைந்தது. எங்கள் குழுவில் அத்தகைய பொறுமை இருக்கவில்லை. ஆக்டோபஸ் அகற்றப்பட்டது.

பழுதடைந்தால் என்ன ஆகும்

பராமரிப்புப் பிரிவின் தலைவர் ஒவ்வொரு வரைபடத்திலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்: "இது நின்றுவிட்டால் பயணி என்ன பார்ப்பார்?" ஃபுளோரிடாவின் 'எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட்' சவாரி 2006இல் திறந்தபோது அதன் உச்சக் காட்சியில் மாபெரும் யெட்டி (பனிமனிதன்) பொம்மை பயணிகளை நோக்கிப் பாய்ந்தது. விரைவிலேயே அந்த இயக்கத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. அதன் பிறகு பல ஆண்டுகளாக, அசையாத பொம்மையின் மேல் துடிக்கும் விளக்கை அடித்து அது அசைவதுபோல் காட்டினார்கள். இதை உதாரணமாகச் சொல்லிவிட்டு, நம் கோபுர விளக்குக்கு அப்படி ஒரு மாற்று இப்போதே வேண்டும், பிறகல்ல என்றார் அவர்.

ஆகவே வில்லையின் சுழற்சி நின்றால், விளக்கு தானாகவே மெல்லக் கூடிக் குறையும் நிலைக்கு மாறும்படி அமைத்தோம். சுழலும் கதிரின் அழகு அதில் இருக்காது. ஆனால் அணைந்த விளக்கு மீண்டும் எரிந்தது என்ற செய்தி பயணியைச் சேர்ந்துவிடும். படக்கருவியின் சென்சாரும் அந்த ஒளி கூடுவதைக் கணக்கில் கொண்டு இயங்கும்.

அவசர வழிப் பலகைகள் வேறொரு தலைவலி. அவற்றின் பச்சை ஒளி கடலடிக் காட்சியில் தெளிவாகத் தெரிந்தது. அவற்றை மறைக்கவோ மங்கலாக்கவோ கூடாது. அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஒளியமைப்பாளர் வேறு வழி கண்டார். நீலமாக இருந்த கடலடிக் காட்சி முழுவதையும் பாசிப் பச்சைக்கு மாற்றினார். பலகை அதே இடத்தில், அதே பிரகாசத்தில் இருக்கிறது. தேடுபவருக்குக் கிடைக்கும், தேடாதவரின் கண்ணை இழுக்காது.

மறுதிறப்புக்குப் பிறகு

சுவரொட்டியில் வில்லைதான் இருந்தது. முதல் வாரங்களின் கூட்டம் அதற்காக வந்தது. அதை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. புதிது என்றால் ஆட்கள் வரத்தான் செய்வார்கள். கூட்டம் அடங்கிய பிறகு மறுபடி கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து தலைகளைப் பார்த்தோம். இரண்டாவது காட்சியில் வலப்பக்கம் திரும்புவது நின்றிருந்தது. படகுக் காட்சியில் தலைகள் படகை நோக்கி இருந்தன. வெளியே கதை சொல்லச் சொன்னபோது பலர் விளக்கில் தொடங்கி விளக்கில் முடித்தார்கள். சிலர் காவலருக்குப் பெயர்கூட வைத்திருந்தார்கள். சவாரியில் அவருக்குப் பெயரே கிடையாது.

நினைவுப் படங்களின் விற்பனை குறையவில்லை. விற்பனைப் பிரிவு இதை வியப்போடு ஒப்புக்கொண்டது. ஒருபக்கமாக விழும் மஞ்சள் கதிரில் முகங்கள் ஓவியம்போல் வந்திருந்தன.

எல்லாம் இப்படி அமையவில்லை. ஆக்டோபஸைக் காணோம் என்று புகார்கள் வரத் தொடங்கின. சிறு வயதில் அதைப் பார்த்துச் சிரித்தவர்கள், தம் பிள்ளைகளுக்குக் காட்ட வந்து ஏமாந்தார்கள். சிலருடைய கடிதங்கள் கோபமாக இருந்தன; சில கடிதங்கள் வருத்தமாக இருந்தன, அவற்றுக்குப் பதில் எழுதுவதுதான் கடினமாக இருந்தது. நிர்வாகம் அதைக் கிடங்கிலிருந்து எடுத்து, வெளியேறும் நடைபாதையில் வைத்தது. உடனே பிள்ளைகள் அங்கே கூடி நின்றார்கள், பாதை அடைத்துக்கொண்டது, இறங்குபவர்கள் தேங்கியதால் நகரும் பட்டையையே மெதுவாக்க வேண்டியதாயிற்று. மறுபடி எடுத்தார்கள். கடைசியில் அது கடலடிக் காட்சிக்கே திரும்பியது, ஆனால் காட்சியின் தொடக்கத்துக்கு. வண்டி அதைக் கடந்ததும் அதன் விளக்கு அணைந்துவிடும், பேச்சும் நின்றுவிடும். தலைகள் சற்று நேரம் பின்னால் திரும்புகின்றன. இருட்டைப் பார்த்துவிட்டு முன்னால் திரும்பிவிடுகின்றன. கோட்ஸும் டேவிஸும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டதை நாங்கள் ஒரே காட்சிக்குள் செய்யும்படி ஆயிற்று.

சில மாதங்களில் வில்லையின் மோட்டார் நின்றது. மாற்று முறை தானாக இயங்கியது. உதிரிப்பாகம் வந்து சேரும்வரை சவாரியை மூடவில்லை. விளக்கு சுழலவில்லையே என்று யாரும் கேட்கவும் இல்லை. பராமரிப்புப் பிரிவின் தலைவர் இதைப் பெருமையாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் கவலைப்பட்டார்: யாரும் கேட்கவில்லை என்றால், சரிசெய்ய அவசரமில்லை என்று நிர்வாகம் நினைத்துவிடுமே என்று. பாகம் தாமதமாகத்தான் வந்தது.

இன்னொரு தொல்லை மெதுவாக வந்தது. எரிந்துபோன விளக்கை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதன் கோணம் சற்று விலகும். ஒரு முறை விலகினால் தெரியாது. ஆனால் ஓராண்டு போனால், காவலரின் முகத்தில் விழ வேண்டிய ஒளி அவருடைய காதில் விழும். பழைய சவாரி பாழானதும் பெரும்பாலும் இப்படித்தான் என்பது என் கணிப்பு; யாரும் எதையும் கெடுக்கவில்லை, எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தன. ஒவ்வொரு விளக்கின் தாங்கியிலும் வண்ணக் கோடு இட்டு, ஒவ்வொரு காட்சியையும் வண்டியிலிருந்து எடுத்த புகைப்படத்தைப் பராமரிப்பு அறையில் ஒட்டினோம். இரவுப் பணியாளர் வாரம் ஒருமுறை வண்டியில் அமர்ந்து, படத்தையும் காட்சியையும் ஒப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும். நடந்துபோய்ப் பார்ப்பது கணக்கில் சேராது என்று விதியில் எழுதியிருக்கிறது. பயணியின் கண் இருக்கும் உயரத்திலிருந்துதான் பார்க்க வேண்டும்.

மீண்டும் செய்தால் மாறக்கூடியவை

பாதுகாப்பு அலுவலரை முதல் கூட்டத்திலேயே அழைக்க வேண்டும். பச்சைப் பலகைச் சிக்கல் வேலையின் நடுவில்தான் தெரிந்தது. அதற்குள் நீல வண்ணம் பூசப்பட்ட சுவர்களைத் திரும்பப் பூச வேண்டியதாயிற்று. கறுப்புத் துணி கழற்றப்பட்டதும்கூடப் பாதுகாப்பு ஆய்வும் காட்சி வடிவமைப்பும் ஒன்றையொன்று அறியாமல் நடந்ததன் விளைவுதான்.

எதையாவது அகற்றுவதற்கு முன், அதை மூடிவைத்து ஒரு பருவம் ஓட்டிப் பார்க்கலாம். ஆக்டோபஸின் மேல் விளக்கை மட்டும் அணைத்திருந்தால், கடிதங்கள் அப்போதே வந்திருக்கும். அதைக் கிடங்குக்கும் நடைபாதைக்கும் இழுத்திருக்க வேண்டாம்.

ஏறுமேடை, இறங்குமேடை, இரவுப் பராமரிப்பு ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் ஒவ்வொருவரை வடிவமைப்புக் குழுவில் முறைப்படி சேர்க்க வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறோம். இந்த வேலையின் இரண்டு சிறந்த தகவல்கள் அவர்களிடமிருந்தே வந்தன. ஒன்று கூட்டத்துக்கு வெளியே போகிற போக்கில் வந்தது. அந்த எலக்ட்ரீஷியன் அன்று சீக்கிரம் கிளம்பியிருந்தால் ஃபிளாஷ் இன்னும் அங்கேதான் இருந்திருக்கும்.

ஒலியை நாங்கள் தொடவே இல்லை. ஒவ்வொரு வண்டியிலும் ஒலிபெருக்கி இருக்கிறது, ஆனால் எல்லாவற்றிலும் ஒரே இசை, ஒரே அளவில், முதலிலிருந்து கடைசிவரை ஓடுகிறது. படகுக் காட்சிக்கு முன் வரும் அந்த வெற்று இருட்டில் இசையும் நின்றால் நன்றாக இருக்கும் என்று ஒளியமைப்பாளர் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறார். அடுத்த பராமரிப்பு மூடலுக்கான வேலைப் பட்டியலில் அது இரண்டாவதாக இருக்கிறது. முதலாவது, வில்லைக்கு உதிரி மோட்டார் ஒன்றை வாங்கிக் கிடங்கில் வைப்பது.